வேரடியில் நடக்கும் போர்

(நெய்வேலி நகரியத்தில் உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கூட்டம் தொடங்குவதற்கு முன்பு குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "மல்லாட்டை விதையில் டிரைக்கோடெர்மா கலந்து விதைத்தேன். ஒரு பட்டத்தில் நன்றாகக் கேட்டது. அடுத்த பட்டத்தில் கொல்லையில் திட்டுத் திட்டாகச் செடி காய்ந்துவிட்டது. அதே கடை, அதே பொடி. மருந்து என்றால் எப்போதும் ஒரே மாதிரி கேட்க வேண்டாமா?" என்றார். நியாயமான கேள்வி. கடன் வாங்கி விதைத்தவர், பூவும் விழுதும் இறங்குகிற நேரத்தில் செடி வாடுவதைப் பார்த்தால் வேறு என்ன கேட்பார்? நான் பேச வந்ததும் இதைப் பற்றித்தான்.

அந்தப் பொட்டலத்தில் இருப்பது உயிருள்ள பூசணம். அதை மருந்து என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். கடைக்காரரும் அப்படித்தான் சொல்கிறார். மருந்தை அளவாகக் கலந்து இட்டால் அதன் வேலையை அது செய்துவிடும். உயிருள்ள ஒன்றை மண்ணில் விட்டால் அது முதலில் அங்கே பிழைக்க வேண்டும், பிறகு பெருக வேண்டும், அதற்குப் பிறகுதான் எதிரியோடு மோத வேண்டும். மோதுவதற்கு அதனிடம் ஆயுதங்கள் இருக்கின்றன. அவை எப்போது பாயும், எப்போது பாயாது என்று தெரிந்துகொண்டால் பொட்டலத்துக்குக் கொடுத்த காசு வீணாகாது.

மண்ணுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம். ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் உள்ளன. அவற்றோடு பூசணங்களும் ஆக்டினோமைசீட்ஸ் என்ற இழை வடிவ நுண்ணுயிர்களும் வாழ்கின்றன. கோடைக்குப் பின் முதல் மழை விழுந்ததும் எழுகிற மண்வாசனை பெரும்பாலும் இந்த ஆக்டினோமைசீட்ஸ் உண்டாக்கும் ஒரு பொருளின் வாசனைதான். இத்தனை உயிர்களுக்கும் போதுமான சாப்பாடு மண்ணில் கிடையாது. பெரும்பாலானவை பட்டினியில் முடங்கிக் கிடக்கின்றன. சாப்பாடு கிடைக்கிற இடம் ஒன்று உண்டு. அது வேரடி. செடி தன் வேர் வழியாகச் சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் கசியவிடுகிறது. கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு இடம் பிடிப்பது போல அத்தனை நுண்ணுயிர்களும் அந்த இடத்துக்கு முண்டியடிக்கின்றன. போர் அங்கேதான்.

இந்தப் போரில் பயன்படும் ஆயுதங்கள் பெரும்பாலும் இரசாயனப் பொருள்கள். ஒன்று மற்றொன்றைக் கொல்வதற்கோ வளரவிடாமல் தடுப்பதற்கோ சுரக்கும் நஞ்சை ஆன்டிபயாடிக் என்கிறோம். நீங்கள் மருத்துவமனையில் போட்டுக்கொண்ட ஊசி மருந்துகளில் பல மண்ணிலிருந்து வந்தவைதான். அமெரிக்காவில் ரட்கர்ஸ் வேளாண்மைக் கல்லூரியில் மண் நுண்ணுயிர்களை ஆராய்ந்துவந்த வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில், அவருடைய மாணவர் ஷாட்ஸ் 1943-ஆம் ஆண்டில் ஸ்டிரெப்டோமைசினைக் கண்டுபிடித்தார். அதைச் சுரந்தது மண்ணில் வாழும் ஓர் ஆக்டினோமைசீட். காசநோய்க்குக் கிடைத்த முதல் நல்ல மருந்து அதுவே. 1952-இல் வாக்ஸ்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஷாட்சுக்குப் பங்கு தராதது சரியில்லை என்று இன்றும் பேசுவோர் உண்டு. அது நிற்க.

நம் டிரைக்கோடெர்மாவுக்கு வருவோம். 1932-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் எலுமிச்சை இன நாற்றுகளின் நோயை ஆராய்ந்த வெயின்ட்லிங் என்பவர், இந்தப் பூசணம் நாற்றழுகலை உண்டாக்கும் ரைசாக்டோனியாவின் இழைகளைக் கொடி போலச் சுற்றிக்கொண்டு கொல்வதைக் கண்டார். சுற்றிக்கொள்வதோடு அது நிற்பதில்லை. எதிரிப் பூசணத்தின் சுவர் கைட்டின் என்ற கெட்டியான பொருளால் ஆனது. கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் குவிந்து கிடக்கும் இறால் ஓட்டில் இருப்பதும் இதே கைட்டின்தான். டிரைக்கோடெர்மா கைட்டினைக் கரைக்கும் நொதியைச் சுரந்து அந்தச் சுவரில் ஓட்டை போடுகிறது. ஓட்டை வழியாக உள்ளே புகுந்து உள்ளிருப்பதை உறிஞ்சிவிடுகிறது. இந்தப் பூசண இனத்தில் சில வகைகள் தொலைவிலிருந்தே எதிரியை மடக்கும் நஞ்சையும் சுரக்கின்றன. கிளையோடாக்சின் என்பது அவற்றில் ஒன்று.

சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்ற பாக்டீரியாவின் வழி வேறு. அதன் ஆயுதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இரும்புத் திருட்டு. நம் செம்மண்ணின் சிவப்பே இரும்புத் துரு என்பது உங்களுக்குத் தெரியும். மண்ணில் இரும்பு ஏராளம். ஆனால் துருவாக இருக்கும் இரும்பு நீரில் கரையாது; எந்த உயிராலும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சூடோமோனாஸ் சிடரோபோர் என்ற பொருளை வெளியே அனுப்புகிறது. அது துருவிலிருந்து இரும்பைப் பற்றிக்கொள்கிறது. பற்றிய இரும்பைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் வாசல், அதைச் சுரந்த பாக்டீரியாவிடம் இருக்கிறது. நோய்ப் பூசணத்திடம் இல்லை. ஆகவே இரும்புக்கு நடுவிலேயே பூசணம் இரும்பின்றி வாடுகிறது. இந்தச் சிடரோபோர் மஞ்சள் பச்சை நிறத்தில் ஒளிரும். புளோரசன்ஸ் என்ற பெயர் வந்ததே அதனால்தான். நிலம் நடுநிலையாகவோ களர் பக்கம் சாய்ந்தோ இருந்தால் இந்த ஆயுதம் கூர்மையாக வேலை செய்யும். அமில நிலத்தில் இரும்பு தானே கரைந்து எல்லாருக்கும் கிடைப்பதால் ஆயுதம் மழுங்கிவிடும். ஒரே பொட்டலம் இரண்டு ஊரில் இரண்டு விதமாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சூடோமோனாஸின் சில வகைகள் ஆன்டிபயாடிக்குகளையும் சுரக்கின்றன. சில வகைகள் ஹைட்ரஜன் சயனைடு வாயுவைக்கூட விடுகின்றன. மரவள்ளி இலையை மேய்ந்த ஆடு ஏன் விழுகிறது என்பது தெரிந்தவர்களுக்கு இந்த நஞ்சைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். இந்தப் பாக்டீரியாக்களில் பல, தனியாக இருக்கும்போது நஞ்சைச் சுரப்பதில்லை. ஒவ்வொன்றும் ஒரு சமிக்ஞைப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. கூட்டம் சேரச் சேர அந்தப் பொருளின் அளவு கூடும். ஒரு வரம்பைத் தாண்டியதும் எல்லாம் ஒரே சமயத்தில் ஆயுதத்தை எடுக்கின்றன. நம் கூட்டுறவுச் சங்கப் பொதுக்குழுவில் கோரம் இல்லாவிட்டால் தீர்மானம் போட முடியாது அல்லவா? அதே கணக்குத்தான். விஞ்ஞானிகளும் இதற்குக் கோரம் என்ற சொல்லையே வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்த பொட்டலத்தை இட்டால் பாதிப் பலன் கிடைக்கும் என்று நினைக்கிறோம். கோரம் சேராவிட்டால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. ஒன்றுமே கிடைக்காமல் போகலாம்.

எதிரியும் சும்மா இருப்பதில்லை. மல்லாட்டையில் தண்டழுகலை உண்டாக்கும் ஸ்கிலிரோஷியம் பூசணத்தைப் பார்த்திருப்பீர்கள். செடியின் தூரில் வெள்ளை நூலாகப் படரும். பிறகு கடுகு போல உருண்டைகள் தோன்றும். அது ஆக்சாலிக் அமிலத்தைச் சுரந்து தண்டின் திசுவை முதலில் கொன்றுவிட்டு, செத்த திசுவைத் தின்றபடி முன்னேறும். நிலைமை சரியில்லாவிட்டால் அந்தக் கடுகு உருண்டைக்குள் ஒடுங்கிவிடும். உருண்டையின் கருந்தோல் எளிதில் கரையாத கவசம். அடுத்த பட்டம் வரை, சில சமயம் அதற்கு மேலும், மண்ணில் காத்திருக்கும். வாடல் நோய்ப் பூசணமான பியூசேரியம் இன்னும் தந்திரசாலி. அது சுரக்கும் பியூசேரிக் அமிலம் சூடோமோனாஸின் ஆன்டிபயாடிக் உற்பத்தியையே நிறுத்திவிடுகிறது என்று சுவிட்சர்லாந்தில் செய்த ஆராய்ச்சி 1997-இல் காட்டியது. எதிரியின் ஆயுதக் கொட்டடிக்கே பூட்டுப் போடுகிற வேலை.

நஞ்சைச் சுரப்பவன் தன் நஞ்சால் ஏன் சாவதில்லை என்று கேட்கலாம். சில நுண்ணுயிர்கள் நஞ்சை உடனுக்குடன் வெளியே இறைத்துவிடுகின்றன. வேறு சில, உள்ளே இருக்கும் வரை நஞ்சைச் செயலற்ற வடிவில் வைத்திருந்து, வெளியேறும்போதுதான் அதற்குக் கூர் தீட்டுகின்றன. இதே தற்காப்பு முறைகளை எதிரியும் நாளடைவில் பெற்றுவிடுவதுண்டு. நெல்லின் குலை நோய்க்குத் தெளிக்கும் காசுகாமைசின் ஜப்பானில் நாரா நகரத்துக் காசுகா கோயில் மண்ணில் கிடைத்த ஓர் ஆக்டினோமைசீட் சுரக்கும் பொருள். அதை அங்கே ஆண்டுதோறும் தெளித்து வந்ததில், 1970-களிலேயே அதற்குக் கட்டுப்படாத குலைநோய்ப் பூசணம் தோன்றிவிட்டது. இலை உறை கருகலுக்குத் தெளிக்கும் வாலிடாமைசினும் இப்படி வந்ததே. இவை ஆயுதத்தை மட்டும் பிரித்தெடுத்துப் புட்டியில் அடைத்தவை. நம் பொட்டலத்தில் ஆயுதத்தோடு வீரனும் இருக்கிறான். வீரனுக்குச் சோறு போட வேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

இப்போது நெய்வேலியின் பங்கைச் சொல்கிறேன். 1956-இல் நிறுவனம் தொடங்கி, 1961-இல் இங்கே பழுப்பு நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது. மின்சாரம் எல்லாருக்கும் தெரியும். தமிழ்நாட்டு உழவர்களின் விதையோடு இந்த நிலக்கரித் தூளும் பல ஆண்டுகளாகக் கலந்து வருகிறது என்பது இந்த ஊர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. ரைசோபியம், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகிய நுண்ணுயிர் உரப் பொட்டலங்களில் கறுப்பாக இருக்கும் தூள் பெரும்பாலும் இதுதான். பாக்டீரியாக்களைச் சுமந்து செல்லும் ஊடகம் இது. டிரைக்கோடெர்மாவுக்கும் சூடோமோனாஸுக்கும் டால்க் என்ற வெள்ளைத் தூளைத்தான் நம் பல்கலைக்கழகம் பயன்படுத்துகிறது. இப்போது திரவ வடிவிலும் நுண்ணுயிர் உரங்கள் வந்துவிட்டன.

கரியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? பல கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றுப் புகாத நீர்ப்பிடிப்பில் அமிழ்ந்த காட்டு மரங்கள் இவை. காற்று இல்லாததால் நுண்ணுயிர்கள் முழுவதும் தின்று தீர்க்காமல் விட்ட மிச்சம். நுண்ணிய துளைகள் நிறைந்தது; ஈரத்தை நன்றாகப் பிடித்து வைக்கும். பாக்டீரியாவுக்கு ஈரமான குடிசை போல. அதன் குறை, அமிலத் தன்மை. எனவே சுண்ணாம்புத் தூள் கலந்து நடுநிலைக்குக் கொண்டுவந்து, நன்றாகச் சலித்து, பிறகு அழுத்த நீராவியில் வைத்துத் தூய்மை செய்கிறார்கள்.

இந்தத் தூய்மை செய்வதில்தான் பொட்டலத்தின் உயிர் இருக்கிறது. வெட்டி எடுத்துக் குவித்த கரியில் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் வேறு நுண்ணுயிர்கள் ஏறிவிடுகின்றன. அவற்றை ஒழிக்காமல் ரைசோபியத்தை ஊற்றினால், போர் உங்கள் நிலத்துக்கு வருமுன் பொட்டலத்துக்குள்ளேயே நடந்துவிடும். ஆறு மாதத்தில் பொட்டலம் எடை குறையாமல் அப்படியே இருக்கும். ஆனால் உள்ளே ஆளே மாறியிருக்கும். 2006-ஆம் ஆண்டில் நுண்ணுயிர் உரங்களை உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் கொண்டுவந்தபோது, தூள் வடிவ உரத்தில் கிராமுக்கு 5 கோடி உயிருள்ள செல்களுக்குக் குறையக் கூடாது என்றும், ஒரு லட்சம் மடங்கு நீர்த்துப் பார்த்தாலும் வேறு நுண்ணுயிர் தென்படக் கூடாது என்றும் விதித்தார்கள். இந்த இரண்டாவது விதி முதல் விதிக்குக் காவல்.

சரி, எண்ணிக்கை நிறைந்த நல்ல பொட்டலமே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். டிரைக்கோடெர்மா விரிடி பொடியில் கிராமுக்கு 20 லட்சம் வித்துகளுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கிலோ விதைக்கு 4 கிராம் கலக்கிறோம்; மொத்தம் 80 லட்சம். ஒரு கிலோ மல்லாட்டைப் பருப்பில் ஏறத்தாழ 2,500 முதல் 3,000 விதைகள் இருக்கும். அப்படியானால் ஒரு விதைக்குச் சுமார் மூவாயிரம் வித்துகள். கேட்க அதிகம் போலத் தோன்றும். ஆனால் அந்த விதை விழுகிற மண்ணில் ஒவ்வொரு கிராமிலும் கோடிக்கணக்கில் உள்ளூர்வாசிகள் காத்திருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்த மூவாயிரம் பேர், பட்டினியோடு, வெயிலில், காய்ந்த மண்ணில் இறங்கினால் என்ன ஆவார்கள்? பெரியவருக்கு ஒரு பட்டத்தில் கேட்காமல் போனதற்குக் காரணத்தை இங்கேதான் தேட வேண்டும். விதைத்தபின் ஈரம் இருந்ததா, மண்ணில் எரு இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

ஆகவே விதை நேர்த்தியோடு நின்றுவிடாதீர்கள். மட்கிய தொழு உரம் 100 கிலோவில் ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவைக் கலந்து, புட்டாகப் பிடிக்கும் அளவுக்கு ஈரமாக்கி, நிழலில் கோணி போட்டு மூடி வையுங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை கிளறிவிட்டு ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டால் 10 முதல் 15 நாளில் பூசணம் எரு முழுவதும் படர்ந்துவிடும். அந்த எருவை விதைப்புச் சாலில் இட்டால், மூவாயிரம் பேருக்குப் பதிலாகப் பெரும்படை, கையில் கட்டுச்சோற்றோடு இறங்கும். கை வசதி இல்லாதவர்கள் ஏக்கருக்கு ஒரு கிலோவை 20 கிலோ மட்கிய எருவில் கலந்து, விதைத்த 30-ஆம் நாள் மண்ணில் ஈரம் இருக்கும்போது தூரடியில் இடலாம். சூடோமோனாஸுக்கும் இதே அளவுதான். அதை விதையில் கலப்பதானால் கிலோவுக்கு 10 கிராம்.

எரு மட்கியதாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் அழுத்திச் சொல்கிறேன். பச்சைச் சாணத்தில் ஏற்கெனவே வேறு கூட்டம் நிறைந்திருக்கிறது. அது சூடாகவும் செய்யும். போதாக்குறைக்கு, மட்காத சருகும் தட்டும் செடியின் தூரில் கிடந்தால் ஸ்கிலிரோஷியம் அதைத் தின்று பலம் பெற்றுத்தான் செடி மேல் பாயும். மண் அணைக்கும்போது களைகளையும் சருகையும் தூரில் சேர்த்து அணைத்துவிடாதீர்கள். அந்தக் கடுகு உருண்டைகள் மேல்மண்ணில்தான் முளைக்கும். ஆழ உழுது அவற்றைக் கீழே தள்ளினால் பெரும்பாலும் முளைக்காது. ஆயுதம் எதுவும் இல்லாமல் கலப்பையே செய்கிற வேலை இது.

சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய மண்மேட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல மீட்டர் ஆழத்திலிருந்து வந்த அந்த மண்ணில் அங்ககப் பொருளும் நுண்ணுயிரும் மிகக் குறைவு. எதிரி குறைவு என்பதால் பொட்டலம் நன்றாகக் கேட்கும் என்று எண்ண வேண்டாம். இடம் காலியாக இருக்கிறது, சாப்பாடும் இல்லை. அங்கே எருவும் பசுந்தாள் உரமும் முதலில், பொட்டலம் பிறகு.

கார்பெண்டசிம் போன்ற பூசணக்கொல்லி கலந்த விதையில் டிரைக்கோடெர்மாவைக் கலக்கவே கூடாது. அதுவும் பூசணம்தானே, நாம் அனுப்பிய வீரனை நாமே கொன்றதாகும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்யுங்கள். டிரைக்கோடெர்மாவும் ரைசோபியமும் ஒத்துப்போகும். முதலில் டிரைக்கோடெர்மாவைக் கலந்து, பிறகு ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் கலந்து, நிழலில் உலர்த்தி உடனே விதைக்கலாம். பூசணக்கொல்லிதான் கலந்தீர்கள் என்றால் 24 மணி நேரம் கழித்து ரைசோபியம் கலக்க வேண்டும்.

வாங்கும்போது தயாரித்த நாளையும் காலாவதி நாளையும் பாருங்கள். கடையில் பொட்டலம் வெயிலில் தொங்கினாலோ பூச்சிமருந்துப் புட்டியோடு அடுக்கியிருந்தாலோ வேறு கடை பாருங்கள். அல்லது வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். டிரைக்கோடெர்மாவில் உயிர் இருக்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். அரைவேக்காடாக வேகவைத்து ஆறிய சோற்றை இரண்டு சுத்தமான கிண்ணங்களில் வைத்து, ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகைப் பொடியைத் தூவி, இரண்டையும் மூடி வையுங்கள். நாலைந்து நாளில் பொடி தூவியதில் வெள்ளையாகப் படர்ந்து பிறகு பச்சை நிறம் ஏறினால் பெரும்பாலும் பூசணம் உயிரோடு இருக்கிறது என்று கொள்ளலாம். தூவாத கிண்ணத்திலும் அதே பச்சை வந்தால் அது வேறு பூசணம். சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பார்த்து முடித்ததும் அந்தச் சோற்றை மாட்டுக்கோ கோழிக்கோ போட்டுவிடாமல் எருக்குழியில் கொட்டுங்கள்.